வைத்தியர் சொல்லும் நோயாளர் செயலும்

(மன்றத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆரோக்கியத்தைப் பற்றி ஏதாவது பேசுமாறு காரியதரிசி அவர்கள் கேட்டிருந்தார்கள். அதைப் பற்றிப் பேச என்னிலும் தகுதியுடைய வைத்திய கலாநிதிகள் பலர் உளர். நான் வைத்தியனல்லன், அரசாங்க வைத்தியசாலைகளில் மருந்து வழங்கும் யன்னலுக்கு உட்புறத்தில் நின்று உத்தியோக காலத்தைக் கழித்தவன். எனினும் அந்த யன்னலுக்கு ஒரு விசேஷம் உண்டு. வைத்தியருக்கு முன்னால் வாய் திறவாத நோயாளர் அங்கே வந்து பேசுவார்கள். "தம்பி, டாக்குத்தர் எனக்கு என்ன வருத்தமெண்டு எழுதியிருக்கிறார்?" என்று துண்டை நீட்டிக் கேட்பார் ஒரு தாயார். "போன முறை தந்த வெள்ளைக் குளிசை வயித்தைப் பிரட்டினது ஐயா, அதை விட்டிட்டு மற்றதை மட்டும் தாருங்கோ" என்பார் மற்றொருவர். இதை வைத்தியரிடமே சொல்லியிருக்கலாமே என்றால், "அவரோடை எப்பிடிக் கதைக்கிறது?" என்பதே பெரும்பாலும் விடை.

ஆகவே அந்த யன்னலில் நின்று கண்டதையும், பின்னர் நூல்களில் படித்ததையும் சேர்த்து ஒரு விஷயத்தை மாத்திரம் பேசலாமென எண்ணுகிறேன். வைத்தியர் ஒன்றைச் சொல்கிறார். நோயாளர் தலையை அசைத்துக்கொண்டு வீடு போகிறார். வீட்டில் நடப்பது வேறொன்று. இது ஏன்?

இது கல்வியறிவில்லாதவர்களின் குறை என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அப்படியன்று. உலக சுகாதார நிறுவனம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, செல்வம் மிக்க நாடுகளிலேயே நீண்டகால நோயுடையோரில் சராசரியாகப் பாதிப்பேர்தான் வைத்திய ஆலோசனையை உள்ளபடி பின்பற்றுகின்றனர் என்று கூறிற்று. வறிய நாடுகளில் நிலைமை இன்னும் மோசம் என்றும் அது சொல்லிற்று. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவரும் குளிசையை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டு மறப்பவர்தாம். எங்கள் யன்னலுக்கு வந்தவர்களில் பாடசாலை அதிபர்களும் உண்டு, சட்டத்தரணிகளும் உண்டு; பெயர் சொல்லப் போவதில்லை.

விஷயம் புதியதுமன்று. கிரேக்க நாட்டு இப்போக்கிரேட்டீசின் பெயரால் வழங்கும் நூற்றொகுதியில், நோயாளர் மருந்து எடுத்ததாகப் பொய் சொல்வர், வைத்தியன் அதிற் கண்ணாயிருக்க வேண்டும் என்ற எச்சரிக்கை காணப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பழி நோயாளர் தலையில் விழுந்துவிட்டது! நம் நாட்டு ஆயுர்வேத முதல்நூல்களில் ஒன்றான சரக சங்கிதை இதனினும் ஆழமாகப் பார்த்தது. வைத்தியத்துக்கு நான்கு கால்கள் உண்டு என்று அந்நூல் வகுக்கிறது: வைத்தியன், மருந்து, பரிசாரகன், நோயாளன். நோயாளனுக்கு வேண்டிய குணங்களும் நான்கு. ஞாபகசக்தி, சொன்னபடி நடத்தல், அஞ்சாமை, தன் நோயைத் தானே எடுத்துரைக்கும் ஆற்றல் என்பன அவை. சொன்னபடி நடத்தலை மாத்திரம் கேட்டு நிற்கவில்லை அந்நூல். அஞ்சாமையையும் எடுத்துரைக்கும் ஆற்றலையும் அதற்குப் பக்கத்தில் வைத்தது. அஞ்சுகிறவன் எடுத்துரைக்க மாட்டான். எடுத்துரைக்காதவனுக்குச் சொல்லப்படும் ஆலோசனை அவனுக்குப் பொருந்தாது. பொருந்தாததை அவன் செய்ய மாட்டான். இந்தச் சங்கிலியைத்தான் இன்று நான் சொல்ல வந்தேன்.

திருவள்ளுவரும் 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் இதே நான்கையும் கூறுகிறார். ஆனால் அவருடைய வரிசையில் நோயுற்றவனே முதலில் நிற்கிறான். வைத்தியன் அவனுக்குப் பின்னர்தான் வருகிறான். செய்யுள் அமைப்புக்காக அப்படி நேர்ந்தது என்பாரும் இருக்கலாம். நான் அப்படிக் கொள்ளவில்லை.

இனி, நம் காலத்துக்கு வருவோம். நோயாளர் மருந்தை விட்டுவிடுவதை முதன்முதலாகக் கூர்ந்து ஆராய்ந்த இடங்களில் ஒன்று சென்னை மாநகரம் என்பது நம்மிற் பலருக்குத் தெரியாது. 1956ஆம் ஆண்டில் அங்கே சயரோக ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கூடி அமைத்த நிலையம் அது. பிரித்தானிய வைத்தியரான வாலஸ் பொக்ஸ் என்பவர் ஆரம்பத்தில் அதற்குத் தலைமை தாங்கினார். சயரோகமென்றால் சனற்றோரியத்துக்குப் போய், நல்ல காற்றும் நல்ல சாப்பாடும் ஓய்வுமாக மாதக்கணக்கிற் கிடக்க வேண்டும் என்பது அந்நாளைய கொள்கை. எல்லாருக்கும் கட்டில் எங்கே இருந்தது? ஆகவே நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரைச் சனற்றோரியத்திலும் மற்றக் கூற்றினரை அவரவர் குடிசைகளிலும் வைத்து, ஐசோனியாசிட், பாஸ் என்னும் இரு மருந்துகளையும் இரு பாலாருக்கும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 1959இல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான குடிசையில், குறைந்த உணவோடு, வேலையும் செய்துகொண்டிருந்தவர்கள் சனற்றோரியத்திலிருந்தவர்களுக்கு ஏறக்குறையச் சமமாகக் குணமடைந்திருந்தார்கள். உலகெங்கும் சனற்றோரியங்கள் மூடப்பட்டமைக்கு இந்த ஆராய்ச்சியும் ஒரு காரணம்.

ஆனால் நமக்கு வேண்டியது இதன் மறுபக்கம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மருந்தை நோயாளர் விழுங்கினாரா என்று எப்படி அறிவது? முன்னறிவித்தலின்றி வீட்டுக்குப் போய் மிகுதிக் குளிசைகளை எண்ணினார்கள். சிறுநீரை எடுத்து அதில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். எடுத்தேன் என்று வாயாற் சொன்னவர் பலரின் சிறுநீர் வேறு கதை சொல்லிற்று. இருமலும் காய்ச்சலும் சில வாரங்களில் நின்றுவிடும். நோய் போய்விட்டது என்று மனம் சொல்லும். பாஸ் என்ற அந்த மருந்தோ நிறைய விழுங்க வேண்டியது, குமட்டலெடுப்பது. சுகமாயிருக்கிற மனிதன் தன்னைச் சுகமில்லாமற் செய்கிற பொருளை ஓராண்டு தினமும் உண்ண வேண்டும். இப்படி எண்ணிப் பார்த்தால், விட்டவர்கள் விட்டதைவிட, விடாதவர்கள் விடாததே எனக்கு ஆச்சரியமாயிருக்கிறது.

அவர்கள் கண்ட பரிகாரம் யாதெனில், வாரத்துக்கு இரு முறை நோயாளரை வரவழைத்து, கண்முன்னாலேயே மருந்து கொடுப்பது. 1964இல் அதன் பெறுபேறு வெளியாயிற்று. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தினசரி மருந்துக்கு அது சிறிதும் குறையவில்லை. பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிய, நேரிற் பார்த்து மருந்து கொடுக்கும் சயரோக முறைக்கு வித்து இதுவே. நன்று. ஆனால் அன்பர்களே, சயரோகத்துக்கு இன்று வழக்கமாக ஆறு மாத வைத்தியம். ஆறு மாதத்துக்கு ஒருவரைக் காவல் வைக்கலாம். சலரோகத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் முப்பது வருஷம் யார் காவல் இருப்பது? அங்கே காவல் பயன்படாது. பேச்சுத்தான் பயன்பட வேண்டும்.

பேச்சு எப்படி நடக்கிறது என்பதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரக் குழந்தை வைத்தியசாலையிற் பணிபுரிந்த பார்பரா கோர்ஷ் என்ற வைத்திய அம்மையார், 1960களில், சுகமில்லாத பிள்ளையைக் கொண்டு வந்த தாய்மாருக்கும் வைத்தியருக்கும் நடந்த எண்ணூறு சந்திப்புக்களை ஒலிப்பதிவு செய்தார். பின்னர் அத்தாய்மாரைத் தனியே கண்டு விசாரித்தார். ஏறக்குறைய நாலில் ஒரு தாய், தன் மனத்தை அதிகம் வருத்திய கவலையை வைத்தியரிடம் சொல்லவே இல்லை. சந்தர்ப்பம் கிடைக்கவில்லை, அல்லது கேட்பாரில்லை. பாதிப்பேருக்குக் கிட்டிய தாய்மார் பிள்ளைக்கு இந்த நோய் எதனால் வந்தது என்று தெரியாமலேயே வீடு போனார்கள். வைத்தியர் வாயில் வந்த சொற்களோ அவர்களுக்கு வேறு பொருள் கொடுத்தன. முதுகெலும்பில் ஊசி குத்தி நீரெடுக்கும் பரிசோதனையின் பெயரைக் கேட்டுவிட்டு, நுரையீரலிலிருந்து நீர் இறைக்கும் சத்திரசிகிச்சை என்று எண்ணிய தாயும் உண்டு. அவர்கள் ஆங்கிலம் பேசும் நாட்டில் ஆங்கிலத்திலேயே பேசியவர்கள் என்பதை மறவாதீர்கள்.

இதன் தொடர்ச்சி 1969இல் வெளியாயிற்று. வைத்தியரைக் கண்டு மிகவும் திருப்தியடைந்து போன தாய்மாரில் பாதிக்கு மேற்பட்டோர் ஆலோசனையை முழுமையாகப் பின்பற்றினார்கள். மிகவும் அதிருப்தியோடு போனவர்களில் பின்பற்றியவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினர். மருந்து ஒன்றே, வைத்தியசாலை ஒன்றே. வைத்தியர் தமது கவலையை விளங்கிக்கொண்டார் என்று தாய் எண்ணினாளா என்பதே பெரிய வேறுபாடு. இன்னுமொன்று: சந்திப்பு நீண்டதா குறுகியதா என்பதற்கும் திருப்திக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணப்படவில்லை. "நேரமில்லை, நேரமில்லை" என்று நாம் கூறும் சமாதானத்தை இது கொஞ்சம் அசைக்கிறது.

நேரத்தைப் பற்றி இன்னும் இரண்டு கணக்குச் சொல்லிவிடுகிறேன். 1984இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பெக்மன், பிராங்கெல் இருவரும் வெளியிட்ட கட்டுரையின்படி, நோயாளர் தம் குறையைச் சொல்லத் தொடங்கிச் சராசரி பதினெட்டு விநாடியில் வைத்தியர் இடைமறித்துவிடுகிறார். சுவிற்சர்லாந்திலே பாசல் நகர வைத்தியர்கள், இடைமறிக்காமல் விட்டால் நோயாளர் எவ்வளவு நேரம் பேசுவார் என்று அளந்தார்கள். நாள் முழுதும் பேசிக்கொண்டிருப்பார் என்று நாம் நினைப்போம். 2002இல் வெளியான அந்த அளவு சராசரி தொண்ணூற்றிரண்டு விநாடி! ஒன்றரை நிமிஷம். ஒரு வெற்றிலை மடித்து வாயிற் போடும் நேரம்.

இங்கே வைத்தியர்களுக்காகவும் ஒரு வார்த்தை பேசாவிட்டால் நான் நன்றியற்றவனாவேன். கிளினிக் நாளில் விடியற்காலையிலேயே வாங்கில்கள் நிறைந்து, வரிசை வாசலுக்கு வெளியே நிற்கும். உள்ளே ஒரு வைத்தியர், சில வேளை இருவர். அந்த அறையில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நோயாளர் நிற்பார்கள்; ஒருவர் சட்டை கழற்ற, மற்றொருவர் கொப்பியை நீட்ட, மூன்றாமவர் தாதியோடு வாதாட, நாலாமவர் கதவால் எட்டிப் பார்ப்பார். அடுத்த வீட்டுக்காரர் காதுபடத் தன் மலச்சிக்கலையோ, மாதவிடாய்ச் சங்கடத்தையோ, மனைவியோடு சேர முடியாமையையோ எவர் சொல்வார்? சில பிறஷர்க் குளிசைகளால் ஆண்களுக்கு அந்தக் குறை வருவதுண்டு. அவர் அதைச் சொல்ல மாட்டார், குளிசையை விட்டுவிடுவார். வைத்தியர் அதற்கு வேறு குளிசை மாற்றித் தந்திருப்பார். அவருக்கு அது தெரியாது.

அடுத்து, நம்மவரின் 'ஓம்' பற்றிச் சொல்ல வேண்டும். பிரணவத்தைச் சொல்லவில்லை, யாழ்ப்பாணத்தார் ஆமென்பதற்குச் சொல்லும் ஓமைச் சொல்கிறேன். "குளிசை ஒழுங்கா எடுக்கிறீங்களா?" "ஓம் ஐயா." "சாப்பாடு கட்டுப்பாடா?" "ஓம் ஐயா." இந்த ஓம் உடன்பாடன்று, மரியாதை. பெரியவருக்கு முன்னால் இல்லை என்று சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். வைத்தியர் இதை உடன்பாடு என்று கொப்பியில் எழுதிவிடுகிறார். கிளினிக்குக்கு முதல் இரண்டு மூன்று நாள் மாத்திரம் சோறு குறைத்து, குளிசை தவறாமல் விழுங்கி, காலையில் வெறுவயிற்றோடு இரத்தம் கொடுத்து, "சீனி நல்லாயிருக்கு" என்ற புகழ்மொழி பெற்றுக்கொண்டு, வருகிற வழியிலேயே கடையிற் சீனி போட்ட தேநீரும் வாய்ப்பனும் உண்பவர் நம் ஊரிற் குறைவா? இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை இப்போது வந்துவிட்டது. அதனிடம் இந்த வித்தை பலிக்காது.

இது சிரிப்புக்குரிய விஷயம் மட்டுமன்று. இதில் உயிராபத்து உண்டு. ஒருவர் பிறஷர்க் குளிசையை அரைவாசி நாள் எடுப்பதில்லை. கிளினிக்கில் அளந்தால் அழுத்தம் கூடியிருக்கிறது. "ஒழுங்காக எடுக்கிறீரா?" "ஓம் ஐயா." வைத்தியர் என்ன செய்வார்? மருந்தின் அளவைக் கூட்டுவார். அடுத்த முறை இரண்டாவது குளிசை சேர்ப்பார். அதற்கடுத்த முறை மூன்றாவது. பின்னர் ஒரு நாள் அவர் வேறு வருத்தத்துக்காக வாட்டில் அனுமதிக்கப்படுகிறார். அங்கே தாதி கொப்பியிலுள்ள மூன்று குளிசையையும் நேரம் தவறாமல் கொடுப்பார். இரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கி, கட்டிலிலிருந்து எழுந்தவர் மயங்கி விழுவார். குற்றம் யாருடையது? மருந்துடையதன்று என்பது மாத்திரம் நிச்சயம்.

2022ஆம் ஆண்டில் நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துகள் தட்டுப்பட்டபோது இது வேறு வடிவத்தில் நிகழ்ந்தது. வைத்தியசாலையில் இல்லாத மருந்தை வெளியிலே வாங்க எழுதிக் கொடுத்தார்கள். வாங்கப் பணமில்லாதவர் ஒன்றை இரண்டாக உடைத்து உண்டார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உண்டார். தம்முடையதை மனைவிக்குப் பகிர்ந்தார். வறுமையைச் சொல்லிக்கொள்வது நமக்கு நோயைச் சொல்வதிலும் கடினம். "வாங்க வசதியிருக்கிறதா?" என்று கேட்ட வைத்தியருக்கு மாத்திரமே அந்த உண்மை தெரிந்தது. மலிவான மாற்று மருந்து பல சந்தர்ப்பங்களில் இருந்தது.

மொழியைப் பற்றிப் பேசாமல் இப்பேச்சு முடியாது. நம் மண்ணிலே நோயாளரின் மொழியில் ஆங்கில வைத்தியத்தை நிலைநாட்ட முயன்ற ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, பின் மானிப்பாயில் வைத்தியம் செய்தார். அவர் வந்த நோக்கம் வேறு. அது இங்கே நமது பேச்சன்று. தமிழ் கற்று, தமிழிலேயே மாணாக்கருக்கு வைத்தியம் போதித்து, அவர்களுடைய துணையோடு பெரிய வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். 'இரணவைத்தியம்' 1867இல் வெளியாயிற்று. 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்' முதலியனவும் அவர் வழி வந்தவையே. 1873இல் அவர் தாயகம் திரும்பினார். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய வைத்தியசாலை இன்றும் உண்டு. ஊருக்குள் இருந்து நோய் பார்க்கப் போகிறவன், ஊர் மொழியிலேயே நோயை எண்ண வேண்டும் என்பது அவர் கொண்ட முடிபு. உடற்கூற்றுக்கும் இரசாயனத்துக்கும் தமிழில் சொல் கண்டவர்கள் வாழ்ந்த மண்ணில், இன்றைக்கு மருந்து உறையின் மேல் 'காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டின் பின்' என்று தமிழில் எழுத நாம் சிரமப்படுகிறோம்! இலத்தீன் சொற்களின் முதலெழுத்துக்களை ஆங்கிலத்திற் கிறுக்கிய துண்டை எத்தனையோ பேர் என்னிடம் நீட்டியிருக்கிறார்கள். தமிழறியாத வைத்தியர்கள் நம் பகுதிகளுக்கு வந்து அக்கறையோடு கடமை செய்கிறார்கள். அவர்களுக்கும் நோயாளருக்கும் நடுவே நின்று சொல்பெயர்ப்பவர் பெரும்பாலும் அவசரத்திலிருக்கும் தாதியோ சிற்றூழியரோதான். ஐந்து வசனத்தில் நோயாளர் சொன்னது ஒரு சொல்லாகச் சுருங்கிப் போகிறது. மலைநாட்டுத் தோட்டங்களிலும் இக்கதையே.

மொழி என்றதும் சொல்லை மாத்திரம் நினைக்க வேண்டாம். நம் பெரியோர் நோயை எண்ணும் விதமே வேறு. பரியாரியார் மருந்து கொடுத்தால் பத்தியமும் சொல்வார்: இன்ன மீன் கூடாது, இன்ன காய் கூடாது, முழுகக் கூடாது. மருந்தும் பத்தியமும் நமக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆங்கில வைத்தியரிடம் "பத்தியம் என்ன ஐயா?" என்றால், "அப்படி ஒன்றுமில்லை, எல்லாம் சாப்பிடலாம்" என்பார். உடனே கிழவருக்குச் சந்தேகம். பத்தியமில்லாத மருந்து என்ன மருந்து? அல்லது, இவ்வளவு கடும் மருந்தைப் பத்தியமில்லாமல் உண்டால் சூடேறாதா? அவர் தாமாகவே ஒரு பத்தியம் வகுத்துக்கொள்வார். சூடு என்று குளிசையை ஒரு கிழமைக்கு நிறுத்தி, நல்லெண்ணெய் வைத்து முழுகுவார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதல்லவா உண்மை? "இந்தக் குளிசைக்குச் சூடில்லை ஐயா, நிறையத் தண்ணீர் குடியுங்கோ, உப்பு மாத்திரம் குறையுங்கோ, அதுதான் இதற்குப் பத்தியம்" என்று சொன்ன வைத்தியர் ஒருவரை நான் அறிவேன். அவருடைய நோயாளர் குளிசை விடுவது அருமை.

விரதமும் இவ்வாறே. இது நம் மன்றத்தார் கவனிக்க வேண்டியது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் உபவாசமிருக்கும் சலரோக நோயாளர் நம் கோயில் வீதிகளிலேயே இருக்கிறார்கள். சிலர் மருந்தையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். வேறு சிலர், டாக்குத்தர் சொன்னாரே என்று, வெறும் வயிற்றிலே குளிசையை விழுங்கியோ இன்சுலினைக் குத்தியோ வருவார்கள். எல்லாக் குளிசையும் ஆபத்தானதல்ல. ஆனால் சில வகைக் குளிசையும் இன்சுலினும் உணவில்லாதபோது இரத்தத்திலுள்ள சீனியை மிகவும் கீழே இறக்கிவிடும். வியர்த்து, நடுங்கி, அறிவு தடுமாறி, மயக்கம் வரும். பார்த்தவர்கள் உபவாசக் களைப்பென்றோ அருள் வந்ததென்றோ எண்ணிக்கொள்வார்கள்; கவனிக்காவிட்டால் உயிரே போகலாம். விரதத்துக்கு இரண்டு கிழமை முன்பே, "நான் இத்தனை நாள் விரதம் பிடிக்கப் போகிறேன்" என்று வைத்தியரிடம் சொன்னால், மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றி அமைக்கவோ, ஒரு நேரம் பாலும் பழமும் கொள்ளச் சொல்லவோ, உம்முடைய உடம்புக்கு இது ஆகாது என்று நேரே கூறவோ அவரால் இயலும். சொன்னால் விரதத்தை நிறுத்திவிடுவாரே என்ற பயத்தில் யாரும் சொல்வதில்லை. சமயத்தில் தலையிடுவதாகுமே என்று அவரும் கேட்பதில்லை.

நோயாளர் ஆலோசனையைப் பின்பற்றுவதற்கு மேல்நாட்டார் முன்னர் வழங்கிய சொல் 'கீழ்ப்படிதல்' என்ற பொருளுடையது. பின்னர் அது பொருத்தமில்லை என்று, 'பற்றி நிற்றல்' என்ற பொருளுடைய சொல்லுக்கு மாறினார்கள். 1990களில் இங்கிலாந்தின் மருந்தாளர் சங்கத்தார் அதுவும் போதாதென்று, 'ஒருமித்தல்' என்ற பொருளுடைய சொல்லைக் கொண்டுவந்தார்கள். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடாது. ஆனால் சொல் மாறிய திசையைப் பாருங்கள். வாயில்லாமல் கேட்டவன், கூட இருந்து முடிவு செய்பவனாகிறான். தான் சேர்ந்து செய்த முடிவை மனிதன் எளிதில் மீற மாட்டான். கலியாணத்தில் மாத்திரமன்று, குளிசையிலும் அப்படியே.

வாலிப அன்பர்களே, நான் முன்னர் சொன்ன நான்கு கால்களில் மூன்றாவது, பக்கத்தில் நின்று பணி செய்பவன். அது நீங்கள்தாம். அப்புவையோ அம்மம்மாவையோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறவர்கள் நீங்கள். ஒன்று கடிந்து சொல்கிறேன், பெரியோர் பொறுப்பார்கள். வைத்தியர், "என்னம்மா செய்யுது?" என்று அம்மம்மாவைக் கேட்கிறார். அவர் வாய் திறக்குமுன்னே பேரன் முந்திக்கொண்டு, "இவவுக்குப் பிறஷர் டொக்டர், சொல்லுக் கேக்கிறேல்லை, உப்பு மீன் தின்கிறவ" என்று வழக்குத் தொடுக்கிறான். அம்மம்மா குற்றவாளிக் கூட்டில் நிற்பவர்போல் நிலத்தைப் பார்க்கிறார். இனி அவர் வாயிலிருந்து ஒரு சொல் வருமா? வைத்தியர் பதினெட்டு விநாடியாவது பொறுத்தார். நீங்கள் இரண்டு விநாடியும் பொறுக்கவில்லை.

நீங்கள் செய்யத்தக்கது இது. முதல் நாள் இரவு, அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, "நாளைக்கு டாக்குத்தரிட்டை என்ன கேக்க வேணும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே ஒரு துண்டில் எழுதுங்கள். எதை அதிகம் பயப்படுகிறாரோ அதை முதலில் எழுதுங்கள். வீட்டிலுள்ள எல்லாக் குளிசையையும், பரியாரியார் தந்த தூளையும், கனடாவிலிருந்து மாமா அனுப்பிய போத்தலையும், ஒரு பையிலிட்டுக் கொண்டு போங்கள். அறையில் அவரைப் பேச விடுங்கள். அவர் மறந்ததை மாத்திரம் நினைவூட்டுங்கள். வைத்தியர் சொன்ன பின், "நான் விளங்கினது சரியோ?" என்று அதைத் திருப்பிச் சொல்லுங்கள். மனிதருடைய ஞாபகம் இவ்விஷயத்தில் மிகவும் பொல்லாதது. பிலிப் லீ என்ற ஆங்கில உளவியலாளர் 1960களில் ஆராய்ந்து கண்டது: வைத்தியர் சொன்னவற்றுட் கணிசமான பகுதியை நோயாளர் வெளியே வந்ததும் மறந்துவிடுகிறார், அதிலும் நோயின் பெயர் நினைவிருக்கிறது, செய்ய வேண்டிய ஆலோசனையே அதிகம் மறந்து போகிறது.

வீட்டிலே, "குளிசை எடுத்தியோ?" என்று அதட்டாதீர்கள். அதற்கு விடை 'ஓம்' தான். "இந்தக் கிழமை எத்தனை தரம் தவறினது?" என்று கேளுங்கள். தவறுவது சகஜம் என்று அந்தக் கேள்வியே சொல்லிவிடுகிறது. அப்போது உண்மை வரும். இதை நான் யன்னலிலே பல்லாண்டு பரீட்சித்துப் பார்த்திருக்கிறேன்.

இறுதியாகச் செயற்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். நம் மண்டபம் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளிற் சும்மா கிடக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, வாசிகசாலை மேசையை வெளியே போட்டு, நல்ல கையெழுத்துள்ள நாலு இளைஞர் இருந்தால் போதும். ஊரிலுள்ள முதியோர் தங்கள் மருந்து உறைகளையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வரட்டும். எதை எப்போது எடுப்பது என்று பெரிய எழுத்தில் தமிழில் ஒரு மட்டையில் எழுதிக் கொடுப்போம். எழுத்து வாசிக்க மாட்டாதவருக்குச் சூரியனும் சந்திரனும் கீறிக் கொடுப்போம். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு அதிகாரமில்லை. அந்தத் தவற்றை எவரும் செய்யக் கூடாது. சந்தேகமானதை, வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியாக எழுதிக் கையிற் கொடுத்தனுப்புவோம். தை மாதம் முதல் ஞாயிற்றிலே தொடங்கலாமென்றால், காலை ஒன்பது மணிக்கு நான் வந்துவிடுவேன். மட்டையும் பேனையும் நான் கொண்டு வருகிறேன். வெறும் உறைகளை எறிந்துவிட வேண்டாமென்று இன்றைக்கே வீடுகளிற் சொல்லி வையுங்கள்.